பிரிட்டிஷ் ஃபார்முலா 3: கேள்வி பதில்

ஃபார்முலா 1 பந்தயத்தை நோக்கி ஏறும் இளம் ஓட்டுநர்களுக்குப் பல பத்தாண்டுகள் முக்கியப் படியாக இருந்த பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஃபார்முலா 3 கார்களில் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் இன்ஜின் இருந்தது என்று படித்தேன். உண்மைதானா ஐயா?

உண்மைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் பெட்ரோலுக்கும் பணத்துக்கும் ஒருசேரத் தட்டுப்பாடு இருந்த நாள்களில், எளியவர்களும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று எண்ணிய ஆர்வலர்கள் 500 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்திச் சிறு கார்களைத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். அந்த முயற்சியைத்தான் சர்வதேச அமைப்பு 1950இல் ஃபார்முலா 3 என்று ஏற்றுக்கொண்டது. 1951இல் எரிக் பிராண்டன் பிரிட்டனின் முதல் சாம்பியன் ஆனார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, கூப்பர் தந்தையும் மகனும் கட்டிய காரைப் பற்றியது. இரண்டு சிறிய ஃபியட் கார்களின் முன்பக்கச் சஸ்பென்ஷன்களை எடுத்து, ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைத்துத்தான் முதல் காரையே உருவாக்கினார்கள். மோட்டார் சைக்கிளைப் போலவே சங்கிலி வழியாகப் பின்சக்கரங்களைச் சுழற்ற வேண்டியிருந்ததால், இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதே அவர்களுக்கு வசதியாக இருந்தது. வசதிக்காகச் செய்த அந்த ஏற்பாடு வளர்ந்து, 1959இலும் 1960இலும் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்றபோது, முன்பக்க இன்ஜின் கார்களின் காலம் முடிந்தே போனது. கீழ்ப்படியில் பிறந்த ஒரு சிக்கன யோசனை மேல்படியை மாற்றியமைத்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் 1951 முதல் இடைவிடாமல் நடந்ததா?

இல்லை. ஐம்பதுகளின் முடிவில் ஃபார்முலா ஜூனியர் என்ற வகை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1964இல் ஒரு லிட்டர் இன்ஜினோடு ஃபார்முலா 3 மறுபடி வந்தபோது, கென் டைரல் அணியின் கூப்பரில் ஜாக்கி ஸ்டூவர்ட் பட்டத்தை அள்ளிச் சென்றார். எழுபதுகளில் வேறொரு குழப்பம் உண்டு: ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் தனித்தனியே சாம்பியன்ஷிப் நடத்தின. 1978இல் நெல்சன் பிக்கே, டெரிக் வார்விக் ஆகிய இருவருமே பிரிட்டிஷ் சாம்பியன்கள்தான். இவை ஒன்றாக்கப்பட்டது 1979இல். பழைய பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: ஃபார்முலா 3 காரில் காற்றுத் தடுப்பான் இருந்ததாகச் சொல்கிறார்களே, அது எதற்கு?

1974 முதல் 2 லிட்டர் இன்ஜின்கள் அனுமதிக்கப்பட்டன. ஆனால் இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. பிற்காலத்தில் துளை சற்றுப் பெரிதாக்கப்பட்டது. காற்றுக்கு அளவு வைத்தால் எரியும் பெட்ரோலுக்கும் அளவு வந்துவிடும். ஆகவே எவ்வளவு செலவழித்தாலும் இன்ஜினிலிருந்து கறக்கக்கூடிய திறனுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது.

இதன் விளைவு ஓட்டும் முறையில் தெரியும். பிடிமானம் மிகுதியாகவும் திறன் குறைவாகவும் உள்ள காரில் ஒரு வளைவில் வேகத்தை இழந்துவிட்டால், அடுத்த நேர்த்தடத்தில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் அதை மீட்க முடியாது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால்கூட முன்டயர்கள் தேய்ந்து நொடியில் சில பங்கு போய்விடும். காரைச் சறுக்கவிட்டுக் கூட்டத்தைக் கவர்பவரைவிட, பார்க்கச் சுவாரசியமில்லாமல் வழுவழுவென்று ஓட்டுபவரே இங்கே வென்றார்.

கேள்வி: 1983இல் சென்னாவும் பிரண்டலும் மோதியதை விரிவாகச் சொல்லுங்கள். டேப் கதை கட்டுக்கதை என்கிறான் என் தம்பி.

உங்கள் தம்பி இந்த முறை தோற்றுவிட்டார்.

அந்தப் பருவத்தில் 20 பந்தயங்கள். டிக் பெனட்ஸ் நடத்திய வெஸ்ட் சர்ரே ரேசிங் அணியில் அயர்ட்டன் சென்னா. எடி ஜோர்டன் அணியில் மார்ட்டின் பிரண்டல். இருவரிடமும் ஒரே ரால்ட் ஆர்டி3 கார், ஒரே டொயோட்டா இன்ஜின். முதல் ஒன்பது பந்தயங்களையும் தொடர்ந்து சென்னாவே வென்றார். வேறு எவராக இருந்தாலும் அடுத்த ஆண்டுக்கு இடம் தேடப் போயிருப்பார், பிரண்டல் போகவில்லை. அவர் வெல்லத் தொடங்கியதும் இரண்டாம் இடத்தை ஏற்கத் தெரியாத சென்னாவின் குணம் வெளிப்பட்டது. ஓல்டன் பார்க்கில் உட்புறமாக நுழையப் பார்த்து, தம் காரைப் பிரண்டலின் கார்மீதே ஏற்றிவிட்டார். கைக்கு எட்டிய பட்டம் நழுவத் தொடங்கி, அக்டோபரில் திரக்ஸ்டன் தடத்தில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது பிரண்டல் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தார்.

அங்கேதான் டேப் வருகிறது. குளிர்ந்த இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும். அது சூடேறும்வரை இன்ஜின் முழுத் திறனைத் தராது. எனவே ஆயில் குளிர்விப்பானில் காற்று செல்லும் வழியைச் சென்னா டேப் ஒட்டி அடைத்துக்கொண்டு புறப்பட்டார். தொடக்கச் சுற்றுகளில் முன்னேறியாயிற்று. ஆனால் டேப் அப்படியே இருந்தால் ஆயில் கொதித்து இன்ஜின் போய்விடும். ஓடும் காரில் பெல்ட்டைத் தளர்த்தி, கையை வெளியே நீட்டி, அதைத் தாமே பிய்த்தெறிந்தார். அந்தப் பந்தயத்தையும் வென்றார், பட்டத்தையும் வென்றார். மொத்தம் 12 வெற்றிகள். அடுத்த ஆண்டு இருவருமே ஃபார்முலா 1 ஓட்டினார்கள். வென்றவருக்கு மட்டுமன்றி, வென்றவரை அவ்வளவு தூரம் வியர்க்க வைத்தவருக்கும் கதவு திறந்தது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: இங்கே பட்டம் வென்றால் ஃபார்முலா 1 உறுதி என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. எமர்சன் ஃபிட்டிபால்டி (1969), மிக்கா ஹாக்கினன் (1990) என்று வெற்றியாளர் பட்டியலில் பின்னாளைய உலகச் சாம்பியன்கள் இருக்கிறார்கள். ஆனால் நைஜல் மான்செல், டேமன் ஹில், ஜென்சன் பட்டன் ஆகிய மூவரும் இங்கே ஓட்டியும் பட்டம் வெல்லாமலே உலகப் பட்டத்தை எட்டினார்கள். 1999இல் பட்டன் மூன்றாம் இடம். சாம்பியன் மார்க் ஹைன்ஸ். மறுஆண்டு வில்லியம்ஸ் காரில் அமர்ந்தவர் பட்டன். ஹைன்ஸ் ஒரு ஃபார்முலா 1 பந்தயம்கூட ஓட்டவில்லை. 1994இல் 18 பந்தயங்களில் 14ஐ வென்று சென்னாவின் சாதனையையே முறியடித்த யான் மக்னுசென், ஃபார்முலா 1இல் ஒரே ஒரு புள்ளியோடு நின்றுபோனார். பட்டத்தைவிட, எத்தனை ஃபார்முலா 1 அணித்தலைவர்களின் கண்முன்னால் ஓட்டினார் என்பதுதான் பெரிது என்பது என் எண்ணம். அந்த அணிகளில் பலவற்றின் பட்டறைகள் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

கேள்வி: இவ்வளவு பிரேசில்காரர்கள் ஏன்?

ஃபிட்டிபால்டி போட்ட பாதை. அவருக்குப் பின் பிக்கே, சீகோ செர்ரா, சென்னா, குஜெல்மின், பாரிக்கெல்லோ என்று வரிசையாக வந்தார்கள். 2011இல் வென்ற ஃபெலிப்பே நாசரும் பிரேசில்காரரே.

கேள்வி: நம் நரேன் கார்த்திகேயன் இதில் என்ன செய்தார்? கோவையில் பலருக்கு அவர் ஜோர்டன் அணியில் ஓட்டியது மட்டுமே தெரியும்.

அவர் 1998இல் கார்லின் அணியோடு பருவத்தின் ஒரு பகுதியில் ஓட்டி, 1999இல் பிராண்ட்ஸ் ஹாட்சில் இரண்டு பந்தயங்களை வென்று ஆறாம் இடத்தில் முடித்தார். 2000இல் ஸ்டூவர்ட் அணிக்கு மாறி நான்காம் இடம் பெற்றார். அந்த அணி எது தெரியுமா? 1964இல் இதே பட்டத்தை வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட்டும் அவர் மகன் பாலும் வளர்த்த அணி; 1992 முதல் 1998 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஆறு முறை சாம்பியனை உருவாக்கிய அணி. அத்தகைய இடத்தில் இருக்கை கிடைத்ததே ஒரு மதிப்பீடுதான். 2005இல் அவர் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரானதற்கு அடித்தளம் இங்கேதான் விழுந்தது. சென்னையின் கருண் சாந்தோக்கும் 2002இல் இதே சாம்பியன்ஷிப்பில் ஓட்டியவரே.

கேள்வி: இவ்வளவு புகழ் இருந்தும் ஏன் நின்றது? இப்போதைய ஜிபி3 அதன் தொடர்ச்சியா?

செலவு ஒருபுறம், போட்டி மறுபுறம். 2010இல் தொடங்கிய ஜிபி3 (GP3) தொடர் ஃபார்முலா 1 நடக்கும் அதே வார இறுதிகளில், அதே தடங்களில் நடந்தது. அணித்தலைவர்களின் கண்முன்னால் ஓட்டும் வாய்ப்பை அது நேரடியாகவே தந்தது. 2012இல் ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப்புக்கும் புத்துயிர் கொடுக்கப்பட்டது. வலுவான அணிகள் அங்கே நகர, பிரிட்டிஷ் தொடர் 2013இல் நான்கே வார இறுதிகளாகச் சுருங்கி, 2014க்குப் பின் நின்றுவிட்டது.

பெயர்க் குழப்பம் உங்களுடையது மட்டுமன்று. நான் மேலே சொன்ன ஐரோப்பிய ஜிபி3 தொடர் 2019இல் சர்வதேச ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப்பாக மாறிவிட்டது. நீங்கள் கேட்பது பிரிட்டனின் ஜிபி3 (GB3); ஆங்கிலத்தில் எழுத்துகள் வேறு, நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 1981இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியனான ஜொனாதன் பாமரின் நிறுவனம் 2013இல் ஃபார்முலா 4 என்ற பெயரில் தொடங்கிய தொடர் அது. 2016இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 என்ற பெயரைச் சூடிக்கொண்டு, 2021இல் மீண்டும் பெயர் மாறியது. நல்ல தொடர்தான். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே காரும் ஒரே இன்ஜினும் தரப்படும் அதன் வெற்றியாளர்களை, எந்தச் சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்), எந்த இன்ஜின் என்று அணிகளே தேர்ந்தெடுத்த காலத்துப் பட்டியலோடு ஒட்டி எழுதுவதை நான் ஏற்பதில்லை. என் பட்டியல் 2014இல் வென்ற மார்ட்டின் காவோ பெயரோடு முடிகிறது.