மைக் முன்னால் உட்கார்பவர்கள் கேட்டவை

கதை வாசிப்பவர்கள், பாடம் எடுப்பவர்கள், பேட்டி காண்பவர்கள் என்று பலரும் கணினியில் குரல் பதிவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். புத்தகங்களை வாசிக்கச் சொல்லிப் பதிந்து, திருத்தி, கேட்கத் தகுந்ததாக ஆக்குவதுதான் பல வருடங்களாக என் வேலை. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்? இலவசமாக இருந்தால் நல்லது.

ஆடாசிட்டி. 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டானன்பர்க்கும் தொடங்கிய திட்டம் இது. 2000-இல் பொதுவெளிக்கு வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டிலும் தொடங்கலாம். ஒற்றைக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்ட இவற்றில் எதுவும் போதும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிக்காதீர்கள்; அந்த வாரத்தை அறைக்கும் மைக்குக்கும் கொடுங்கள்.

அண்ணா, மடிக்கணினியில் இருக்கும் மைக் போதாதா? என்னிடம் நல்ல ப்ளூடூத் ஹெட்செட்டும் இருக்கிறது.

மடிக்கணினி மைக் உங்கள் வாயிலிருந்து தள்ளி இருக்கிறது. கணினிக்குள் சுற்றும் மின்விசிறிக்கும் விசைப்பலகைக்கும் பக்கத்தில் இருக்கிறது. எதை நன்றாகக் கேட்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கும். ஆனால் பெரும்பாலான ஹெட்செட்டுகள் மைக்கை இயக்கியதும் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். கணினி ஒலியை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து பதிகிறது; ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. அங்கே விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். எத்தனை மாதிரி எடுக்கிறோமோ அதில் பாதி அளவு அதிர்வெண் வரைதான் பதிவாகும். ஆக 4,000 ஹெர்ட்ஸ், மிஞ்சிப்போனால் 8,000 ஹெர்ட்ஸ். ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் கூர்மையாக இருப்பது அந்த மேல் பகுதியில்தான். அது போனதும் குரலுக்குத் துணி போர்த்தியது போல் ஆகிவிடும். பிறகு எந்த ஈக்வலைசரும் (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) அதைத் திருப்பித் தராது. சாதாரணமான ஒரு யூ.எஸ்.பி. மைக் வாங்குங்கள். வெளிச்சத்தம் இருக்கும் வீடு என்றால் டைனமிக் வகை நல்லது. வாய்க்கு அருகில் வைத்துப் பேச வேண்டும், தூரத்துச் சத்தம் குறைவாக வரும்.

கிணற்றுக்குள் பேசுவது போல் கேட்கிறது. எந்த எஃபெக்ட் போட்டால் போகும்?

இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. எனக்கும் இதுதான் முக்கியமானது என்று படுகிறது.

மின்விசிறி இரைச்சல் வேறு, உங்கள் குரல் வேறு. அதனால் மென்பொருளால் ஓரளவு பிரித்தறிய முடியும். எதிரொலி அப்படியில்லை. அது உங்கள் குரலேதான். சுவரில் பட்டு ஒரு கணம் தாமதமாக வந்த அதே சொல், அடுத்த சொல்லின் மேல் விழுந்து கிடக்கிறது. எதிரொலியைக் குறைக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன, கொஞ்சம் குறைக்கவும் செய்கின்றன. ஆனால் எதிரொலியோடு குரலின் சதையையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன. நான் வேறு வழியே இல்லாத பழைய பதிவுகளுக்கு மட்டும்தான் அவற்றைத் தொடுவேன்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தூரம். மைக்கிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளிப் பேசிக்கொண்டிருந்தவர் இருபதுக்கு வந்தால், நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். சுவரிலிருந்து வருவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய மாற்றம் இது. கட்டைவிரல் நுனியை உதட்டிலும் சுண்டுவிரல் நுனியை மைக்கிலும் வையுங்கள். அந்த ஒரு சாண்தான் அளவு.

அடுத்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர். பெரும்பாலானோர் மைக்குக்குப் பின்னால் பஞ்சு ஒட்டுகிறார்கள். ஆனால் கார்டியாய்ட் மைக், அதாவது முன்பக்கத்து ஒலியை அதிகமாகப் பிடிக்கும் மைக், பார்த்துக்கொண்டிருப்பது உங்களை. உங்களைத் தாண்டி உங்கள் பின்சுவரை. அங்கேதான் தடித்த போர்வை தொங்க வேண்டும். துணி நிறைந்த அலமாரி இருந்தால் அதன் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். பிறகு ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் ‘ஸ்ஸங்’ என்று ஒரு வால் இழுத்தால் இன்னொரு போர்வை தேவை. ‘டப்’ என்று அதே இடத்தில் செத்துவிட்டால் பதியத் தொடங்கலாம்.

அலைகள் ரொம்பக் குட்டியாகத் தெரிகின்றன. மைக் அளவை முழுதாக ஏற்றிவிடலாமா?

வேண்டாம். நீங்கள் உரக்கப் பேசும் இடங்கள் மீட்டரில் -12-க்கும் -6 டெசிபெலுக்கும் நடுவில் வந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். 0-ஐத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தத் தலை எங்கேயும் சேமிக்கப்படவில்லை, திரும்பக் கிடைக்காது. குட்டி அலையைப் பின்னால் பெரிதாக்கலாம். ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறோம் என்பதுதான் பிட். 24 பிட்டில் பதிந்தால் மிக மெல்லிய சத்தத்துக்கும் உச்சத்துக்கும் நடுவில் கோட்பாட்டளவில் 144 டெசிபெல் இடம் இருக்கிறது, 16 பிட்டில் 96. ஆக, கொஞ்சம் தாழ்வாகப் பதிவதால் எதையும் இழக்கமாட்டீர்கள்.

இன்னொன்று. பேசாமல் இருக்கும்போது பின்னணிச் சத்தம் மெல்ல ஏறி, பேசத் தொடங்கியதும் சட்டென்று அடங்கினால், மைக் அளவைக் கணினி தானாகக் கூட்டிக் குறைக்கிறது என்று சந்தேகப்படுங்கள். விண்டோஸில் மைக் அமைப்புகளுக்குள் போய் ஆடியோ மேம்பாடுகள் என்று இருப்பதை நிறுத்திவிடுங்கள்.

விநாடிக்கு எத்தனை மாதிரி வைப்பது, 44,100-ஆ, 48,000-ஆ?

வெறும் குரல் என்றால் 44,100, காணொளியோடு சேரப்போகிறது என்றால் 48,000. காதுக்கு வித்தியாசம் தெரியாது. பாதி வேலையில் மாற்றாமல் இருந்தால் போதும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் குரல் இயந்திரம் பேசுவது போல் ஆகிவிடுகிறதே?

அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த எஃபெக்ட் இரண்டு படியில் நடக்கிறது. முதலில் நீங்கள் பேசாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டுகிறீர்கள். பிறகு அது முழுப் பதிவையும் பல நூறு அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, இரைச்சலின் அளவைத் தாண்டாத பட்டைகளை அமுக்குகிறது. மெல்லிய ‘ஹ’, சொல் முடியும்போது தேயும் குரல் இவையும் அந்த அளவுக்குள்தான் இருக்கும். அவையும் அமுங்கும்போதுதான் தண்ணீருக்குள் மணி அடிப்பது போன்ற அந்தக் கினுகினுப்பு வருகிறது.

6 டெசிபெலில் தொடங்குங்கள், 12-ஐத் தாண்டாதீர்கள். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் மிஞ்சட்டும். சீரான லேசான இரைச்சலைக் கேட்பவரின் காது அரை நிமிடத்தில் மறந்துவிடும். சிதைந்த குரலை மறக்காது.

இதற்காகவே ஒவ்வொரு முறை பதியத் தொடங்கும்போதும் பத்து விநாடி வாய் திறக்காமல் உட்காருங்கள். அந்த அமைதி இரைச்சலுக்கு மாதிரியாகும். பின்னால் எங்கேயாவது இடைவெளி நிரப்பவும் அதுவேதான் வேண்டும். இருமலை அழித்துவிட்டு அந்த இடத்தில் சுத்தமான சூன்யத்தை வைத்தால், கேட்பவர் இணைப்பு போய்விட்டதா என்று பார்ப்பார். அறையின் அமைதியை எடுத்து ஒட்டுங்கள்.

‘ப’ வரும்போதெல்லாம் ‘புஃப்’ என்று காற்று இடிக்கிறது.

மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்துக்கு நேராகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். காற்று நேராகப் போய்விடும், குரல் எல்லாப் பக்கமும் பரவும். மீதி இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போடுங்கள்.

தப்பாக வாசித்த சொல்லை வெட்டினால் ஒட்டு தெரிகிறது. சில இடத்தில் ‘டிக்’ என்று சத்தமும் வருகிறது. எங்கே வெட்ட வேண்டும், சார்?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தமிழில் திருத்துபவர்களுக்கு நம் எழுத்துகளே வழி காட்டுகின்றன.

‘அப்பா’ என்று ஒரு முறை பதிந்து, திரையில் அது மட்டும் தெரியும்படி பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் ‘அ’ ஒரு மேடாக எழும்பும். பிறகு ஏறக்குறைய தட்டையாக ஒரு கோடு. அதன் முடிவில் ஊசி போல் ஒரு குத்து. அங்கிருந்து ‘பா’ விரிந்து நீளும். நடுவில் இருக்கும் அந்தத் தட்டைக் கோடுதான் ‘ப்’. உதடு மூடியிருக்கும் நேரம், ஒலி இல்லை. அங்கே வெட்டினால் ஒருவருக்கும் தெரியாது. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற என்று வல்லினம் இரட்டிக்கும் எந்த இடத்திலும் இப்படி ஒரு வாசல் இருக்கும். சொல்லின் முதலில் வரும் வல்லினத்துக்கு முன்னாலும் பெரும்பாலும் இருக்கும்.

மாறாக, ‘மழை வருமா’ என்பதைப் பெரிதாக்கினால் கோடு எங்கேயும் தட்டையாகாது. ஒலி அறுபடாமல் ஓடுகிறது. அதன் நடுவில் கத்தி வைத்தால் ஒட்டு தெரியத்தான் செய்யும். சுருதியும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. அங்கே சொல்லை மாற்றப் பார்க்காமல் முழு வாக்கியத்தையும் மாற்றிவிடுங்கள்.

உயிரொலியின் நடுவில் வெட்டும்போது இன்னொரு ஆபத்து: நெடில் இரண்டு மாத்திரை, குறில் ஒன்று. ‘பாடு’ என்பதன் ஆகாரத்தில் பாதியைத் தின்றுவிட்டால் ‘படு’ ஆகிவிடும். அதேபோல, மௌனங்களைத் தானாகச் சுருக்கும் டிரன்கேட் சைலன்ஸ் எஃபெக்ட்டை மிகக் குறைந்த நேரத்துக்கு வைத்துவிடாதீர்கள். ‘அப்பா’வில் இருக்கும் அந்த ஒற்றையே மௌனம் என்று நினைத்து அது சுருக்கும், ‘பத்து’, ‘பாட்டு’ எல்லாம் நோஞ்சானாகிவிடும். அரை விநாடிக்கு மேற்பட்ட மௌனத்தை மட்டும் தொடச் சொல்லுங்கள்.

‘டிக்’ சத்தத்துக்குக் காரணம், அலை மேட்டிலோ பள்ளத்திலோ இருக்கும்போது வெட்டுவது. இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம் என்று ஒட்டினால் நடுவில் ஒரு செங்குத்து விழுகிறது. காதில் அது ‘டிக்’. ஆடாசிட்டியில் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இசட் விசையை அழுத்தினால் இரு முனைகளும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகரும். அப்புறம் வெட்டுங்கள்.

பதியும்போதே உதவும் ஒரு பழக்கம்: தப்பு விட்டதும் நிறுத்தாமல் ஒரு முறை கை தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். திருத்த உட்காரும்போது ஒரு மணி நேரப் பதிவில் தப்புகள் எல்லாம் கம்பம் நட்டது போல் எழுந்து நிற்கும்.

மூச்சுச் சத்தங்களை எல்லாம் அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். மூச்சே விடாமல் பேசும் குரலைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். அதிகம் உறுத்துபவற்றை மட்டும் 6 முதல் 10 டெசிபெல் வரை தாழ்த்துங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது.

ஒற்றை மைக்கை ஸ்டீரியோவில், அதாவது இடது வலது என்று இரண்டு தடங்களில், பதிந்திருக்கிறீர்கள். டிராக்கைப் பிரித்து, காலியாக இருப்பதை நீக்கி, மற்றதை மோனோ (ஒற்றைத் தடம்) ஆக்குங்கள். அடுத்த முறை மோனோவிலேயே பதியுங்கள், அளவும் பாதியாகும்.

நானும் நண்பரும் வேறு வேறு ஊரில் இருந்து அவரவர் கணினியில் பதிந்து சேர்க்கிறோம். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் விழுகிறார்.

நீங்கள் செய்யும் முறை நல்ல முறைதான், மாற்றாதீர்கள். இரண்டு கணினிகளின் உள் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடாது என்பதுதான் விஷயம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகும். சிரிப்பும் குறுக்கீடும் இடம் மாற அது போதும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் வையுங்கள். முதல் தட்டலைப் பொருத்திவிட்டுக் கடைசித் தட்டல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு டிராக்கை அந்த அளவுக்கு நீட்டலாம். அல்லது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மௌனமான இடத்தில் வெட்டி நகர்த்தலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். குரலை நீட்ட எனக்கு மனம் வராது.

எஃபெக்ட்களை எந்த வரிசையில் போடுவது? கடைசியில் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்?

இரைச்சல் நீக்கம், ஹை-பாஸ், வெட்டி ஒட்டல், தேவைப்பட்டால் ஈக்வலைசர், பிறகு கம்ப்ரசர், கடைசியில் லவுட்னெஸ் (மொத்தச் சத்தத்தின் அளவைச் சரிசெய்வது). கம்ப்ரசர் மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறது; முடிவில் மொத்தத்தையும் உயர்த்தும்போது இரைச்சலும் மேலே ஏறும். அதனால்தான் இரைச்சல் நீக்கம் முன்னால் வர வேண்டும். குரலுக்கு 3:1 விகிதம் போதுமானது. பாட்காஸ்ட்டுக்கு -16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) என்பது பலரும் பின்பற்றும் அளவு. மோனோ என்றால் -19. ஐரோப்பிய ஒலிபரப்பு -23 என்று வைத்திருக்கிறது. உச்சம் -1 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்பி3 ஆகச் சேமித்து, மறுபடி திறந்து திருத்தி, மறுபடி சேமிக்கிறேன். சரிதானே?

ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் ஒலி கழிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு ஐந்து மெகாபைட்டுக்குச் சற்று மேல்தான் 16 பிட் மோனோ வேவ் ஃபைல்; அதில் வைத்துக்கொள்ளுங்கள். கை வைக்காத முதல் பதிவு ஒன்று எப்போதும் தனியாக இருக்கட்டும். எம்பி3 கடைசியில் ஒரே ஒரு முறை. ஆடாசிட்டியின் திட்ட ஃபைலை மட்டும் நண்பருக்கு அனுப்பிவிட்டு அவருக்குக் கேட்கவில்லையே என்று கவலைப்படுபவர்களும் உண்டு. அது ஆடாசிட்டியில் மட்டுமே திறக்கும். கேட்பதற்கு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

நான்கு நாள் கழித்து ஒரே ஒரு வரியை மறுபடி பதிந்து ஒட்டினேன், அண்ணா. வேறு யாரோ பேசுவது போல் இருக்கிறது.

குரல் நாளுக்கு நாள் மாறும்; ஒரே நாளில் காலையிலும் மாலையிலும்கூட மாறும். பலருக்குத் தூங்கி எழுந்ததும் குரல் தாழ்ந்து கனமாக இருக்கும். முதலில் பதிந்த அதே நேரத்தில் உட்காருங்கள். மைக் கம்பியில் ஒரு நூல் கட்டி, உதடு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால் தூரமும் மாறாது. பழைய பதிவில் அந்த வரிக்கு முந்தைய இரண்டு பத்தியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கேட்டு முடித்த வேகத்திலேயே, அந்த வரியை மட்டும் வாசிக்காமல் அதற்கு மூன்று வாக்கியம் முன்னாலிருந்து தொடங்கி, ஒரு வாக்கியம் தாண்டியும் வாசித்துவிடுங்கள். நடுவில் வரும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, இரண்டு பக்கமும் பழைய பதிவின் அறை அமைதியைப் போட்டு ஒட்டுங்கள்.