நழுவும் மெனு, மாறாத நிறம்: சி.எஸ்.எஸ். கேள்வி பதில்

இராமநாதபுரத்தில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சிறு சங்கங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். மெனுவும் இணைப்புகளும் சொன்னபடி கேட்பதில்லை என்று தொண்டி முதல் சாயல்குடி வரை பலர் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். சி.எஸ்.எஸ். என்பது பக்கத்தின் நிறம், அளவு, இடம் முதலிய தோற்றத்தை விதிகளாக எழுதும் மொழி. அதன் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம், கருவாட்டுக் கடை): ஐயா, ‘கருவாடு’ என்ற மெனுவின்மேல் மவுஸை வைத்தால் நெத்திலி, சீலா, திருக்கை என்று உள்மெனு விரிகிறது. ஆனால் திருக்கையைச் சொடுக்கப் போவதற்குள் மொத்தமும் மறைந்துவிடுகிறது. வேகமாக இழுத்தால் மட்டும் சில நேரம் பிடிபடுகிறது.

பதில்: வேகமாக இழுத்தால் பிடிபடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. மேல்வரிக்கும் உள்மெனுவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மெதுவாகப் போனால் மவுஸ் அந்த இடைவெளியில் கால் வைக்கிறது, வேகமாகப் போனால் தாண்டிவிடுகிறது. உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உள்மெனுவுக்கு மேற்புறம் பத்து பிக்சல் மார்ஜின் கொடுத்திருக்கிறீர்கள். மார்ஜின் என்பது பெட்டிக்கு வெளியே உள்ள இடமாதலால் அங்கே மவுஸ் நிற்கும்போது அது மேல்வரியின்மீதும் இல்லை, உள்மெனுவின்மீதும் இல்லை. உடனே உலாவி ஹோவர் (மவுஸ் ஒன்றின்மேல் நிற்கும் நிலை) முடிந்தது என்று முடிவுசெய்து உள்மெனுவை மூடிவிடுகிறது. அந்த மார்ஜினை எடுத்துவிட்டு, அதே பத்து பிக்சலை உள்மெனுவின் மேற்புறப் பேடிங்காகக் கொடுங்கள். பேடிங் பெட்டிக்கு உள்ளே இருப்பதால் ஹோவர் அறுபடாது. இடைவெளி கண்ணுக்கு இடைவெளியாகவே தெரிய வேண்டுமென்றால், பின்னணி நிறத்தை உள்மெனுவுக்குக் கொடுக்காமல் அதற்குள் இருக்கும் வரிகளுக்குக் கொடுங்கள்.

இதைச் செய்தும் மறைந்தால், விதி எதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இணைப்பைக் குறிக்கும் ‘ஏ’ உறுப்பின் ஹோவருக்கு விதி எழுதினால், மவுஸ் இணைப்பை விட்டு உள்மெனுவுக்கு இறங்கிய கணமே அந்த ஹோவர் போய்விடும். இணைப்பையும் உள்மெனுவையும் சேர்த்து வைத்திருக்கும் ‘எல்.ஐ.’ என்ற பட்டியல் உறுப்பின் ஹோவருக்கு எழுத வேண்டும். பிள்ளையின்மேல் மவுஸ் இருக்கும் வரை தாயின்மேலும் இருப்பதாகவே உலாவி கணக்கிடும்.

இன்னொன்று: விரிந்த மெனுவை ஆராய இன்ஸ்பெக்டருக்கு (பக்கத்தின் விதிகளைக் காட்டும் உலாவிக் கருவி) மவுஸை நகர்த்தினாலே மெனு மூடிக்கொள்ளும் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இன்ஸ்பெக்டரின் விதிப் பகுதியில் ‘ஹோவ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதைச் சொடுக்கி ஹோவருக்கு எதிரே குறியிட்டால் மெனு விரிந்தபடியே நிற்கும். நிதானமாக அளந்து பார்க்கலாம்.

கேள்வி (கீழக்கரை, கல்லூரி மாணவர்): காக்கா (அண்ணன்), இணைப்பு நீலம், ஹோவரில் சிவப்பு என்று எழுதினேன். முதல் நாள் சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து பாதி இணைப்புகள் சிவப்பாகவே மாட்டேன் என்கின்றன.

பதில்: தம்பி, நீங்கள் முதல் நாள் சொடுக்கிப் பார்த்த இணைப்புகள்தாம் அந்தப் பாதி. கோப்பில் ஹோவர் விதிக்குக் கீழே விசிட்டட் விதியை எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை போய்வந்த இணைப்பின்மேல் மவுஸை வைக்கும்போது அது விசிட்டட், ஹோவர் ஆகிய இரண்டு நிலைகளிலும் ஒருங்கே இருக்கிறது. இரண்டு விதிகளுக்கும் வலிமை சமம். சமமானால் கடைசியாக எழுதியது வெல்லும் என்பது சி.எஸ்.எஸ்.ஸின் அடிப்படை. எனவே லிங்க் (இன்னும் போகாத இணைப்பு), விசிட்டட், ஹோவர், ஆக்டிவ் (அழுத்தும் கணம்) என்ற வரிசையிலேயே எழுதுங்கள். விசைப்பலகைக்கான ஃபோகஸை ஆக்டிவுக்கு முன்னால் வையுங்கள். வரிசையை மாற்றியதுமே உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும்.

விசிட்டட் இணைப்பைத் தடித்த எழுத்தாக்க முடியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் தவறன்று. நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை இணைப்பின் தோற்றத்தை அளந்தே ஒரு பக்கம் வேவு பார்த்துவிட முடியும் என்பதால், 2010-இல் ஃபயர்பாக்ஸைச் செய்யும் மோசில்லா அறிவித்த முறையைப் பின்பற்றி, விசிட்டட் நிலையில் எழுத்து, பின்னணி, கரை முதலியவற்றின் நிறத்தை மட்டுமே மாற்ற உலாவிகள் விடுகின்றன. பருமன், அளவு, பின்னணிப் படம் எதையும் மாற்ற முடியாது.

கேள்வி (இராமேஸ்வரம், தங்கும் விடுதி மேலாளர்): கணினியில் எங்கள் தளம் அழகாக இருக்கிறது. கைப்பேசியில் ‘அறைகள்’ மெனு சில நேரம் விரிவதே இல்லை; விரிந்தால் மூடுவதில்லை; தொட்ட இடத்தில் மஞ்சள் நிறம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் நான் பழுது பார்க்கும் தளங்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். ஹோவர் 1998-இல் வந்த சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அப்போது எல்லார் கையிலும் இருந்தது மவுஸ். விரலுக்குத் திரைமேல் மிதந்து நிற்கத் தெரியாது. ஒன்று தொடும், அல்லது தொடாது. பழைய தளங்கள் முற்றிலும் கெட்டுவிடக் கூடாதே என்று கைப்பேசி உலாவிகள் தொடுதலையே ஹோவராகப் பாவித்து ஒப்பேற்றுகின்றன. அதனால்தான் தொட்ட இடத்தின் மஞ்சள், வேறோர் இடத்தைத் தொடும் வரை விலகுவதில்லை. ஐபோனில் முதல் தொடுதல் உள்மெனுவை விரிப்பதோடு நின்று, இரண்டாம் தொடுதலில்தான் பக்கம் திறக்கும் நிலையும் இதனால் வருவதே.

நான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதிக்கு இதே போன்ற மெனுவைச் செய்து கொடுத்தேன். அறை வாடகை ஹோவரில் மட்டும் தெரியும். மேசைக் கணினியில் காட்டியபோது முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு வந்த யாத்திரிகர்கள் இரயிலடியில் இறங்கிக் கைப்பேசியில் தளத்தைத் திறந்து, வாடகை எங்கே என்று தெரியாமல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிழை என்னுடையதுதான். அன்றிலிருந்து ஹோவரில் அலங்காரத்தை மட்டும் வைக்கிறேன், செய்தியை வைப்பதில்லை.

உங்கள் தளத்தில் செய்ய வேண்டியவை இவை. ஹோவர் விதிகள் அனைத்தையும் ஒரு மீடியா விதிக்குள் வையுங்கள். ஹோவர் என்ற தன்மைக்கு ஹோவர் என்ற மதிப்பும், பாயின்டர் என்ற தன்மைக்கு ஃபைன் என்ற மதிப்பும் இருந்தால் மட்டுமே செயல்படும்படி அதை எழுதினால், மவுஸ் உள்ள கருவிகளில் மட்டும் மஞ்சள் வரும். உள்மெனுவை விரிக்க ‘அறைகள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறியை உண்மையான பட்டனாக வைத்து, தொட்டால் விரியவும் மீண்டும் தொட்டால் மூடவும் நான்கு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுங்கள். விரிந்த நிலையை ஏரியா-எக்ஸ்பாண்டட் என்ற குறிப்பால் காட்டினால், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கும் அது கேட்கும்.

இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. இணைப்புகள் வெளிர்சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. மூன்று ஒன்பதுகளால் எழுதும் அந்தச் சாம்பல், வெள்ளைப் பின்னணியில் ஏறத்தாழ 2.85:1 ஒளி வேறுபாடு மட்டுமே தருகிறது, எல்லாரும் பயன்படுத்தத்தக்க இணையத்துக்கான டபிள்யு.சி.ஏ.ஜி. நெறிமுறை சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கேட்கிறது. அக்கினி தீர்த்தக் கரையில் நண்பகல் வெயிலில் நின்று உங்கள் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்குமேல் நான் வாதாட வேண்டியிருக்காது.

கேள்வி (மண்டபம், பயிற்சி பெறும் பெண்): தீவுப் படகுச் சவாரி பற்றிய பக்கத்தில் உள்மெனு படத்தொகுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. இசட்-இண்டெக்ஸ் (மேல்கீழ் அடுக்கு எண்) 9999 கொடுத்தும் மேலே வரவில்லை. 99999 கொடுக்கலாமா?

பதில்: ஒன்பதுகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் வராது. இறங்குதளத்தில் மீன் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்ப்பெட்டியில் ஒரு மீனை எவ்வளவு உச்சியில் வைத்தாலும் அது மேற்பெட்டியின் அடியில் கிடக்கும் மீனுக்குக் கீழேதான் இருக்கும். இசட்-இண்டெக்ஸும் அப்படியே, ஒரு பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு இடையே மட்டும்தான் அந்த எண் செல்லும். உங்கள் தலைப்பட்டைக்கு ஒபாசிட்டி (ஒளிபுகாமை) 0.95 கொடுத்திருக்கிறீர்கள். ஒபாசிட்டி ஒன்றுக்குக் குறைந்தாலும், டிரான்ஸ்ஃபார்ம் அல்லது ஃபில்டர் சேர்ந்தாலும் அந்த உறுப்பு தனிப் பெட்டியாகிவிடும். இப்போது தலைப்பட்டை ஒரு பெட்டி, பின்னால் வரும் படத்தொகுப்பு அதற்குமேல் வைத்த பெட்டி. உங்கள் 9999 கீழ்ப்பெட்டிக்குள் சிறைப்பட்டிருக்கிறது.

ஆகவே மீனை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்: தலைப்பட்டைக்கே பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்து, இசட்-இண்டெக்ஸ் பத்து என்று வையுங்கள். பொசிஷன் இல்லாத சாதாரண உறுப்பில் இசட்-இண்டெக்ஸ் வேலை செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் உள்மெனுவின் அடிப்பாகம் கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தால், அதை உள்ளடக்கிய பெட்டி எதிலோ ஓவர்ஃப்ளோ ஹிடன் (வெளியே வழிவதை மறைக்கும் விதி) இருக்கிறது. அதைத் தேடி எடுங்கள்.

கேள்வி (தொண்டி): மெனு நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் மாறுவதே இல்லை.

பதில்: முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், உலாவி சேமித்து வைத்த பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கலாம். வாடிக்கையாளர்களின் கைப்பேசியில் அப்படிச் செய்யச் சொல்ல முடியாதாகையால், கோப்பின் முகவரிக்குப் பின்னே கேள்விக்குறியிட்டு ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து, மாற்றும்போதெல்லாம் அதை உயர்த்துங்கள்.

அதன் பிறகும் மாறாவிட்டால் இன்ஸ்பெக்டரில் உங்கள் விதியைத் தேடுங்கள். விதி அங்கே இருந்து அதன்மேல் கோடு கிழித்திருந்தால், வலிமை கூடிய வேறொரு விதி வென்றிருக்கிறது என்று பொருள், ஐ.டி. (ஓர் உறுப்புக்கு மட்டுமான பெயர்) கொண்ட ஒரு விதியை எத்தனை கிளாஸ் (பல உறுப்புகளுக்குப் பொதுவான பெயர்) சேர்த்தாலும் வெல்ல முடியாது. இந்த இடத்தில் எல்லாரும் ‘இம்பார்ட்டன்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். மீன் ஏலத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவரும் உயர்த்துவார்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பு முழுவதும் ‘இம்பார்ட்டன்ட்’ ஆகி, எதுவும் முக்கியமில்லாமல் போகும். வென்ற விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் செலக்டரைப் பார்த்து, அதே அளவு வலிமையுடன் உங்களுடையதை அதற்குக் கீழே எழுதுவதே முறை.

விதி இன்ஸ்பெக்டரில் தென்படவே இல்லை என்றால் எழுத்துப் பிழை. முந்தைய வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கலாம். மேலே ஏதோ ஒரு விதியின் அடைப்பு மூடாமல் இருக்கலாம். உங்கள் கோப்பில் நான் கண்டது ‘ஏ’ என்ற எழுத்துக்கும் ஹோவரின் முக்காற்புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த ஒற்றை இடைவெளியால் விதியின் பொருளே ‘இணைப்புக்குள் இருக்கும் வேறோர் உறுப்பின் ஹோவர்’ என்று மாறிவிடுகிறது. வெறும் சொல் மட்டும் உள்ள இணைப்புக்குள் வேறு உறுப்பு ஏது?

கேள்வி (தேவிபட்டினம்): ஹோவரில் எழுத்தைத் தடிமனாக்கினால் பக்கத்து மெனுக்கள் எல்லாம் நகர்ந்து ஆடுகின்றன.

பதில்: தடித்த எழுத்து அகலம் கூடியது, அகலம் கூடினால் அக்கம்பக்கம் நகரத்தான் செய்யும். ஹோவரில் நிறத்தை மாற்றுங்கள், அல்லது அடிக்கோடு போடுங்கள். கரைதான் வேண்டும் என்றால், சாதாரண நிலையிலேயே அதே அளவுக் கரையை டிரான்ஸ்பரன்ட் நிறத்தில் போட்டு வைத்து, ஹோவரில் நிறத்தை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி (பெரியபட்டினம்): ஆங்கில டெம்ப்ளேட் ஒன்றை வாங்கித் தமிழ் மெனு போட்டேன். ‘மீன்’ என்பதில் ஈகாரச் சுழி மேலே வெட்டுப்படுகிறது. ‘கூட்டுறவு’ கீழே வெட்டுப்படுகிறது. அடிக்கோடும் துண்டு துண்டாக வருகிறது.

பதில்: ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்தவர்கள் லைன்-ஹைட் (வரி உயரம்) ஒன்று, உயரம் நாற்பது பிக்சல் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். நம் எழுத்துக்குத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் வேண்டும். உயரத்தை நீக்கிவிட்டு லைன்-ஹைட்டை 1.6 ஆக்கி, மேலும் கீழும் பேடிங் கொடுங்கள். மெனுவில் லெட்டர்-ஸ்பேசிங் இருந்தால் பூச்சியமாக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அழகு தரும் அந்த இடைவெளி தமிழ்ச் சொல்லைப் பல்விழுந்த வாய்போல் காட்டும். அடிக்கோடு எழுத்தின் காலைத் தொடும் இடங்களில் உலாவியே அதை விட்டுவிட்டு வரைவதால்தான் துண்டாகிறது, டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் 0.25 இ.எம். (எழுத்தளவில் கால் பங்கு) என்று கொடுத்துக் கோட்டைக் கீழே இறக்குங்கள். ‘தொடர்புகொள்ள’ போன்ற நீண்ட சொற்கள் ஒரே வரியில் அடங்காமல் முட்டும். ஃப்ளெக்ஸ்-ரேப் கொடுத்து இரண்டாம் வரிக்கு இறங்க விடுங்கள்.

கேள்வி (சாயல்குடி, முண்டு மிளகாய் வணிகர்): உள்மெனு மெல்ல மலர வேண்டும் என்று டிரான்சிஷன் எழுதினேன். பட்டென்றுதான் வருகிறது.

பதில்: டிஸ்ப்ளே நன் (மறைவு) என்பதிலிருந்து பிளாக் (காட்சி) என்பதற்குப் போவதற்கு நடுவில் படிகள் இல்லை, ஆகவே வெறும் டிரான்சிஷனுக்கு அங்கே வேலை இல்லை. டிஸ்ப்ளேவைத் தொடாமல், மூடிய நிலையில் ஒபாசிட்டி பூச்சியம், விசிபிலிட்டி ஹிடன் என்றும், திறந்த நிலையில் ஒன்று, விசிபிள் என்றும் எழுதி, இரண்டுக்கும் 0.2 விநாடி டிரான்சிஷன் கொடுங்கள். ஒபாசிட்டியை மட்டும் பூச்சியமாக்கி விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத மெனு பக்கத்தின்மேல் படுத்துக்கொண்டு கீழே உள்ள இணைப்புகளின் சொடுக்கை எல்லாம் தானே வாங்கிக்கொள்ளும்.

கேள்வி (உச்சிப்புளி, பனைப்பொருள் விற்பவர்): மெனுவில் சரியாக எழுத்தின்மேல் தொட்டால்தான் திறக்கிறது. சுற்றியுள்ள பட்டையைத் தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை.

பதில்: பேடிங்கை ‘எல்.ஐ.’க்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதை அங்கிருந்து எடுத்து ‘ஏ’வுக்குக் கொடுத்து, ‘ஏ’வுக்கு டிஸ்ப்ளே பிளாக் என்றும் எழுதுங்கள், பட்டை முழுவதும் இணைப்பாகிவிடும்.