அமெரிக்காவில் கேபிளை நிறுத்தலாமா? கேள்வி பதில்

கேபிளை விட்டுவிட்டு, வேண்டிய சேனலுக்கு மட்டும் நேரடியாகச் சந்தா கட்டினால் போதுமா என்று அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே ஒரு கேபிள் நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேருகின்றன. வந்தவற்றில் சிலவும் என் பதில்களும் கீழே.

எடிசன், நியூ ஜெர்சி: அண்ணா, இன்டர்நெட், டிவி இரண்டுக்கும் சேர்த்து மாதம் 190 டாலர் கட்டுகிறேன். டிவியை மட்டும் நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும்?

பில்லின் முதல் பக்கத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், தம்பி. உள்ளே விவரம் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். டிவி பேக்கேஜ் ஒரு தொகை. ஒவ்வொரு டிவிக்கும் செட்டாப் பாக்ஸ் வாடகை தனி. அப்புறம் 'ஒளிபரப்புக் கட்டணம்', 'வட்டார விளையாட்டுக் கட்டணம்' என்று இரண்டு தொகைகள் இருக்கலாம். பலரும் இவற்றை அரசாங்க வரி என்று நினைக்கிறார்கள். வரியே இல்லை. 1992இல் வந்த கேபிள் சட்டப்படி, உள்ளூர் நிலையங்கள் தங்கள் சிக்னலைக் கொடுப்பதற்குக் கேபிள் நிறுவனத்திடம் பணம் கேட்கலாம். விளையாட்டுச் சேனல்களும் கேட்கின்றன. அந்தச் செலவில் ஒரு பகுதியைப் பேக்கேஜ் விலையில் காட்டாமல், கீழே தனியாகப் போட்டு உங்களிடம் வாங்குகிறார்கள். விளம்பரத்தில் ஒரு விலையும் பில்லில் வேறு விலையும் வருவது இதனால்தான். டிவியை நிறுத்தினால் இவை எல்லாமே போய்விடும்.

ஆனால் ஒரு விஷயம். இரண்டையும் சேர்த்து வாங்கியதற்காகக் கொடுத்த தள்ளுபடியும் போய்விடும், இன்டர்நெட் விலை ஏறும். எனவே முதலில் போன் செய்து, "இன்டர்நெட் மட்டும் என்றால் மாதம் எவ்வளவு, இந்த விலை எத்தனை மாதத்துக்கு?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை 190இல் கழித்தால் வருவதுதான் உங்கள் உண்மையான மிச்சம்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்காமல் வராதீர்கள். நான் கொடுத்த பெட்டிக்கு ரசீது வாங்காததால், அது வந்து சேரவே இல்லை என்று நான்கு மாதம் பணம் கேட்டார்கள்.

சியாட்டில்: கேபிள் இல்லாமல் நேரடியாக விற்பதைச் சேனல்காரர்கள் ஏன் முன்பே செய்யவில்லை? அவர்களுக்குத்தானே லாபம்?

நல்ல கேள்வி. இதற்கு எச்பிஓ கதையைச் சொன்னால்தான் புரியும். 1972 நவம்பரில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி என்ற ஊரில் அந்தச் சேனல் தொடங்கியது. விளம்பரமே கிடையாது, மாதச் சந்தாதான் வருமானம். ஆனால் அந்தச் சந்தாவை வசூலித்தது எச்பிஓ இல்லை, கேபிள் நிறுவனம். சண்டைக்கு வரும் வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னதும் கேபிள் நிறுவனம்தான். வசூலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எச்பிஓவுக்குக் கொடுத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. தன் சேனலைப் பார்ப்பவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதுகூட எச்பிஓவுக்கு நேரடியாகத் தெரியாது. மொத்த வியாபாரியாகவே இருந்து பழகியவர், மளிகைக் கடையைப் பகைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்கத் துணிவாரா?

2010இல் எச்பிஓ கோ என்ற ஆப் வந்தது. அதில் நுழையவும் கேபிள் கணக்கு வேண்டும். கேபிள் இல்லாதவர் காசை நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். 2014 அக்டோபர் 15 அன்று, அடுத்த வருடம் கேபிள் இல்லாமலே தருவோம் என்று எச்பிஓ அறிவித்தது. மறுநாளே சிபிஎஸ் சேனல் முந்திக்கொண்டு மாதம் 5.99 டாலருக்கு ஆல் ஆக்சஸ் என்ற சேவையைத் தொடங்கிவிட்டது. எச்பிஓ நவ் 2015 ஏப்ரலில் 14.99 டாலருக்கு வந்தது. அதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கிக் கொடுத்தது யார் தெரியுமா? அமெரிக்க பேஸ்பால் லீகின் இணைய நிறுவனம். ஆட்டங்களை நேரலையாக இணையத்தில் கொடுத்துக் கொடுத்து அவர்களுக்குக் கை தேர்ந்திருந்தது. அதே வருடம் ஜூலையில் ஷோடைம் சேனலும் இப்படி நேரடியாக வந்தது. அந்த ஒன்பது மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது.

பெயர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன. எச்பிஓ நவ் போய் 2020இல் எச்பிஓ மேக்ஸ் வந்தது, 2023இல் வெறும் மேக்ஸ், 2025 ஜூலையில் மறுபடியும் எச்பிஓ மேக்ஸ். சிபிஎஸ் ஆல் ஆக்சஸ் 2021 மார்ச்சில் பாரமவுண்ட் பிளஸ் ஆகிவிட்டது.

டல்லாஸ்: சார், என் பையனுக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் உயிர். இஎஸ்பிஎன் வேண்டும் என்பதற்காகவே கேபிள் வைத்திருக்கிறேன். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் சமீபத்தில்தான் வந்தது. 2018இல் வந்த இஎஸ்பிஎன் பிளஸ்ஸைப் பலர் இஎஸ்பிஎன் என்றே நம்பி வாங்கினார்கள். அது வேறு, டிவியில் வரும் முக்கியச் சேனல் அதில் கிடையாது. முழுச் சேனல்களையும் கேபிள் இல்லாமல் விற்கத் தொடங்கியது 2025 ஆகஸ்ட் 21 அன்று, மாதம் 29.99 டாலருக்கு. ஃபாக்ஸ் சேனல்களின் ஃபாக்ஸ் ஒன் அதே நாளில் 19.99க்கு வந்தது. அறிமுகமானபோது இருந்த விலைகள் இவை, வாங்கும் முன் இன்றைய விலையைப் பாருங்கள்.

ஒரே சேனல் குழுமத்துக்கு ஏன் 30 டாலர் என்று கோபம் வரும். கேபிளில் இஎஸ்பிஎன்னைப் பார்க்காத வீடுகளும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் சுமார் 10 கோடி வீடுகளில் அந்தச் சேனல் இருந்தது. சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கும் பாட்டியின் பில்லிலும் அதன் விலை கலந்திருந்தது. பாட்டிகள் எல்லாம் விலகிவிட்டால், ஆட்டம் பார்ப்பவர்தான் முழு விலையையும் சுமக்க வேண்டும். விளையாட்டு உரிமைகளுக்குக் கொடுக்கும் பணம் குறையவில்லையே.

ஆனால் உங்கள் பையனுக்காக இன்னொன்றைச் சொல்கிறேன். கேபிளிலோ ஆப்பிலோ மட்டும் வரும் ஆட்டமாக இருந்தாலும், ஆடும் அணிகளின் சொந்த ஊர் வட்டாரத்தில் அது சாதாரண ஒளிபரப்பிலும் வரும். 2024 ஜனவரியில் மயாமி, கான்சஸ் சிட்டி அணிகள் மோதிய பிளேஆஃப் ஆட்டத்தைப் பீகாக் என்ற கட்டண ஆப்பில் மட்டும் காட்டியபோது நாடே திட்டியது. அன்றும் அந்த இரண்டு ஊர்க்காரர்கள் டிவியில் சும்மா பார்த்தார்கள். பையன் உங்கள் ஊர் அணியான கௌபாய்ஸின் ரசிகன் என்றால், நீங்கள் டல்லாஸில் இருக்கும் வரை ஒரு ஆன்டெனாவே போதும்.

அதே டல்லாஸ் அன்பர்: ஆன்டெனாவா? அது இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் எல்லாம் காற்றில் இலவசமாக வருகின்றன. 2009 ஜூனில் முழுவதும் டிஜிட்டலாக மாறியதிலிருந்து படம் பளிச்சென்று இருக்கிறது, நம் ஊரில் மொட்டை மாடி ஏறித் திருப்பிய காலம் மாதிரி புள்ளி புள்ளியாக வராது. ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஜன்னலில் ஒட்டும் தட்டையான ஆன்டெனா போதும். ஒரு தடவை வாங்கினால் சரி, மாதச் சந்தா கிடையாது. கேபிளை நிறுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

அட்லாண்டா: யூடியூப் டிவியும் கேபிள் இல்லாததுதானே?

கம்பி இல்லை, இணையத்தில் வருகிறது, அவ்வளவுதான். சேனல்களைக் கட்டாகக் கட்டி விற்பதில் அது கேபிளேதான். 2017இல் 35 டாலருக்குத் தொடங்கியது, 2025இல் 82.99 ஆகிவிட்டது. கேபிளில் நடக்கும் சண்டைகளும் அங்கே உண்டு. 2023இல் ஸ்பெக்ட்ரம் கேபிளும் டிஸ்னியும் விலை ஒத்துவராமல் மோதி, ஆகஸ்ட் கடைசியிலிருந்து பதினொரு நாளுக்கு டிஸ்னியின் இஎஸ்பிஎன், ஏபிசி எல்லாம் இருண்டு போயின. 2025 அக்டோபர் கடைசியில் யூடியூப் டிவிக்கும் டிஸ்னிக்கும் அதே கதை, இரண்டு வாரம். சேனலிடமே நேரடியாகச் சந்தா கட்டியவர்களை இந்தச் சண்டை தொடவில்லை. பெட்டி வாடகை இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது யூடியூப் டிவியின் நல்ல பக்கம்.

சான் ஹோசே: அண்ணா, டிஸ்னி, பீகாக், பாரமவுண்ட், எச்பிஓ, இஎஸ்பிஎன் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கேபிளையே மிஞ்சுகிறது. ஏமாந்துவிட்டோமா?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தால் மிஞ்சத்தான் செய்யும். டிஸ்னி பிளஸ் 2019இல் 6.99 டாலர், இன்று அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல், விளம்பரம் இல்லாமல் வேண்டுமென்றால் இன்னும் அதிகம். விலை மலிவு என்று நம்பி இதற்கு வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

என் கருத்து இது: இதில் நமக்குக் கிடைத்தது மலிவு விலை இல்லை, நிறுத்தும் உரிமை. கேபிளை நிறுத்த ஒருவர் போன் செய்தால், அவரைப் போகவிடாமல் பேச எங்கள் அலுவலகத்தில் தனிக்குழுவே இருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்து, கடைசியில் ஆறு மாதத் தள்ளுபடிக்குத் தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், போனில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்த முடிவது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டில் எந்த மாதத்திலும் இரண்டு சந்தாவுக்கு மேல் கிடையாது. ஒரு தொடர் பிடித்திருந்தால் எல்லாப் பகுதியும் வந்து முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு மாதம் கட்டி, பார்த்து முடித்து, நிறுத்திவிடுவோம். கட்டிய அன்றே ரத்து செய்தாலும் பெரும்பாலும் அந்த மாதம் முழுக்கப் பார்க்கலாம். வருடச் சந்தா மலிவு என்று ஆசை காட்டுவார்கள். வருடம் முழுக்கப் பார்ப்பீர்கள் என்றால் மட்டும் எடுங்கள்.

சார்லட்: மாமனார், மாமியார் ஆறு மாதம் தங்க வருகிறார்கள். அத்தைக்குச் சீரியல், மாமாவுக்குக் கிரிக்கெட். கேபிள் போட வேண்டுமா?

வேண்டாம் அம்மா. கிரிக்கெட்டுக்கு வில்லோ ஆப் இருக்கிறது, கேபிள் இல்லாமல் நேரடியாக வாங்கலாம், ஐபிஎல்லும் அதில் வரும். சீரியலுக்கு சன் நெக்ஸ்ட் இங்கேயும் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஊரில் போட்ட சந்தா இங்கே அப்படியே ஓடும் என்று நினைக்காதீர்கள், உரிமை நாட்டுக்கு நாடு வேறு. இங்கே புதிதாகக் கணக்குத் தொடங்கி, முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டி, அத்தை பார்க்கும் சேனல் அதில் இருக்கிறதா என்று அவர்களையே உட்கார வைத்துப் பாருங்கள்.

மதுரை: நம் ஊரிலும் இப்படிச் செய்யலாமா, ஐயா?

செய்யலாம், சன் நெக்ஸ்ட் 2017இலேயே வந்துவிட்டது. ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு. 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய விதி கொண்டுவந்தபோது 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் வரியோடு சுமார் 153 ரூபாய், அதற்கு மேல் சன் டிவிக்கு 19 ரூபாய் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவே வழி செய்தார்கள். கேபிளே இவ்வளவு மலிவாக இருக்கும் ஊரில், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நிறுத்தாதீர்கள். ரிமோட்டில் ஒரு எண்ணை அழுத்தினால் சேனல் வருவது அவர்களுக்கு எவ்வளவு வசதி! தனியாக அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு ஆப் போதும்.

எடிசன், மறுபடியும்: அண்ணா, போன் செய்து கேட்டுவிட்டேன். இன்டர்நெட் மட்டும் என்றால் 85 டாலர், ஒரு வருடத்துக்கு ஏறாதாம்.

அப்படியானால் மாதம் 105 மிச்சம். ஆன்டெனாவை இந்த வாரமே வாங்கி, எத்தனை சேனல் வருகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கேபிளை நிறுத்துங்கள். அந்த ஒரு வருடம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், அதற்கு முந்தின வாரம் மறுபடி போன் செய்ய வேண்டியிருக்கும். ரசீதை மறக்காதீர்கள்.