சிறுத்தை பிடிக்கும்னா மட்டும் போதுமா? காட்டுயிர் ஆராய்ச்சிக்கு வர நினைக்கிறவங்களுக்கு

"எம்எஸ்சி விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறேன், சின்ன வயசுலேர்ந்தே சிறுத்தைன்னா உயிர், காட்டுயிர் சூழலியல் ஆராய்ச்சிக்கு வரணும், ஆனா கணக்கு சுத்தமா வராது, நல்ல கேமராவும் இல்ல, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"ன்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

கேமரா வேணாம்மா, அந்தக் கவலைய இப்பவே விட்டுடுங்க. ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். பேனா வேண்டாம், மழைல நனைஞ்சா மை கரைஞ்சு ஒரு நாள் உழைப்பே போயிடும்.

கணக்கு அப்படி இல்ல, அதுலேர்ந்து தப்பிக்க முடியாது. ஆனா நீங்க பயப்படுற மாதிரியும் இல்ல, எப்படின்னு பாருங்க. புலியோட கோடு நம்ம கைரேகை மாதிரி, ஒண்ணுக்கு இருக்கிறது இன்னொண்ணுக்கு இருக்காது, அதோட இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடுமே வேற வேற, அதனாலதான் பாதைக்கு ரெண்டு பக்கமும் கேமரா ட்ராப், அதாவது விலங்கு கடந்து போனா தானா படம் எடுக்கிற கேமரா, கட்டுவாங்க. உதாரணத்துக்கு, முதல் சுத்துல 20 புலி பதிவாகுதுன்னு வைங்க. அடுத்த சுத்துல 25 புலி, அதுல 10 ஏற்கனவே பார்த்த புலிங்க. அப்போ 25ல 10 தெரிஞ்சதுன்னா, முதல்ல பதிவான 20ம் மொத்தத்துல அதே அளவு பங்குதான இருக்கணும், அதாவது மொத்தம் ஏறக்குறைய 50. அடிப்படை இவ்வளவுதான். இந்த யோசனைய இன்னும் நுணுக்கமா கர்நாடகாவோட நாகரஹொளே காட்டுப் புலிங்க மேல செஞ்சு 1995ல புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் பேப்பரா போட்டார், காலடித் தடத்த வெச்சு எண்ணிட்டிருந்த காலத்துல அது பெரிய மாற்றம். இது புரிஞ்சா புள்ளியியல் உங்களுக்கு வரும், அதுக்கான ஆர் (R)ங்கிற சாஃப்ட்வேர் இலவசம்தான், இன்னைக்கே இறக்கி தினம் ஒரு மணி நேரம் உக்காருங்க.

இப்ப சிறுத்தைக்கு வரேன். பிடிக்கும்ங்கிறது நல்ல விஷயம், ஆனா அது ஆராய்ச்சிக் கேள்வி ஆகாது. "ஊர் ஓரத்துல வாழுற சிறுத்தை என்ன சாப்பிடுது, கால்நடை எவ்வளவு, நாய் எவ்வளவு, காட்டு விலங்கு எவ்வளவு?" இது கேள்வி. இதுக்கு பதில் கிடைக்கிறது எச்சத்துலதான், அதாவது சிறுத்தை போட்டுட்டுப் போற மலத்துல. பாதையில கிடக்கிற எச்சத்த எடுத்து, தேதி இடம் எழுதி, சல்லடைல தண்ணி விட்டு அலசி, மிஞ்சுற முடி, எலும்புத் துண்டு, குளம்பு எல்லாத்தையும் காய வெச்சு, முடிய ஒண்ணொண்ணா ஸ்லைடுல வெச்சு மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும், முடிக்கு உள்ள இருக்கிற வடிவம் விலங்குக்கு விலங்கு மாறும், அத ஏற்கனவே தெரிஞ்ச முடியோட ஒப்பிட்டுத்தான் இது மான், இது நாய்னு சொல்லுவோம். நான் மாசக்கணக்குல இத செஞ்சிருக்கேன், அந்த மாசம் முழுக்க ஒரு விலங்கக்கூட நேர்ல பார்க்கல, ஆனா முதல் தடவ ஒரு முடிய நானே அடையாளம் கண்டுபிடிச்ச அந்த நிமிஷம் இன்னும் மனசுல நிக்குது. இந்த வேலை உங்களுக்கு அலுக்குமா இனிக்குமாங்கிறத பிஎச்டி சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

அதனால நேரா பிஎச்டிக்கு ஓடாதீங்க. ஒரு வருஷமாவது ஏதாவது ப்ராஜெக்ட்ல ஃபீல்டு அசிஸ்டென்டா இருங்க, சம்பளம் கம்மியாத்தான் இருக்கும். தடம் பார்க்கிற உள்ளூர்க்காரங்க கூட நடங்க, எந்த டிகிரியும் சொல்லித் தராதத அவங்க சொல்லித் தருவாங்க, பின்னாடி பேப்பர் எழுதும்போது அவங்க பேரையும் மறக்காம போடுங்க. கைடு தேடும்போது அவங்களோட பழைய மாணவர்கள்கிட்ட தனியா பேசுங்க, இது ரொம்ப முக்கியம். பிஎச்டி நாலஞ்சு வருஷம், சமயத்துல ஆறும் ஆகும், அப்புறம் ஒரு ரெண்டு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பின்னாடி செய்யுற தற்காலிக ஆராய்ச்சி வேலை, நிதி முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது, நிரந்தர வேலை கிடைக்க நாளாகும், வீட்டுல இத இப்பவே சொல்லி வைங்க.

ஏன் இவ்வளவு பொறுமைன்னா, இயற்கை அதோட வேகத்துலதான் பதில் சொல்லுது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973ல பசிபிக் கடல்ல இருக்கிற கலாபகோஸ் தீவுக் கூட்டத்துல டாஃப்னி மேஜர்ங்கிற குட்டித் தீவுல குருவிகளுக்கு வளையம் மாட்டி அலகு அளக்க ஆரம்பிச்சாங்க. 1977ல கடும் வறட்சி, சின்ன விதையெல்லாம் தீர்ந்து பெரிய கடின விதைதான் மிச்சம், அத உடைக்கத் தெரிஞ்ச பெரிய அலகுக்காரங்கதான் அதிகம் பிழைச்சாங்க. வறட்சிக்கு முன்னாடியே அளந்து வெச்சிருந்ததாலதான் பரிணாமத்த கண்ணு முன்னாடியே பார்க்க முடிஞ்சுது, அப்புறமும் அவங்க பல வருஷம் விடாம அங்க போனாங்க.

நாளைக்கு காலைலேர்ந்து நீங்களும் ஒண்ணு செய்யுங்க. ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரம், 30 நாள், கண்ணுல படுற பறவை என்ன, எத்தனைன்னு எழுதுங்க, எதுவும் வரலன்னா பூஜ்ஜியம்னு கண்டிப்பா எழுதுங்க, அந்தப் பக்கத்த காலியா விட்டா நீங்க போகவே இல்லையா, போயும் பறவை இல்லையான்னு பின்னாடி உங்களுக்கே தெரியாது. முப்பதாவது நாள் அந்த நோட்டுலேர்ந்து ஒரே ஒரு கேள்விய எடுத்து எழுதி அனுப்புங்க, அத எப்படி ஆராய்ச்சியா மாத்துறதுன்னு அப்ப உக்காந்து பேசலாம்.