மூளைக்கும் சர்வே நம்பர் உண்டு

"மகளுக்கு நீட்ல மார்க் வரல. இப்ப மூளைக்கு மேப் போடுற படிப்பு படிக்கிறேன்னு நிக்கிறா. அப்படி ஒரு வேலை இருக்கா சார்?" என்று காவேரிப்பட்டணத்திலிருந்து கேட்டிருந்தீர்கள்.

இருக்கிறது ஐயா. உங்கள் மாந்தோப்புக்கு சர்வே நம்பர், உட்பிரிவு, எல்லைக்கல் எல்லாம் இருக்கிறதல்லவா? யார் அளந்தாலும் அதே கல்லிலிருந்து அளந்தால்தான் வழக்கு வராது. மூளைக்கும் அதே சங்கதிதான். 1909-ல் ப்ராட்மன் என்ற ஜெர்மானியர் மூளையின் மேற்பரப்பைப் பிரித்து நம்பர் போட்டார். அந்த நம்பர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அப்புறம் ஆளுக்கொரு படம், ஒரே இடத்துக்கு நாலு பெயர். 1988-ல் வந்து உலகமே பயன்படுத்திய தலாய்ராக் அட்லஸ் (மூளை வரைபடத் தொகுப்பு), ஒரே ஒரு மூதாட்டியின் மூளையை வைத்துப் போட்டது. ஒருத்தர் தோப்பை அளந்து ஊருக்கே பட்டா எழுதின மாதிரி! பிறகு கனடாவின் மாண்ட்ரியலில் 152 பேரின் ஸ்கேனைச் சராசரி எடுத்துப் பொது அளவு ஒன்று கொண்டுவந்தார்கள். ஸ்கேன் கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, எந்த ஃபோல்டரில் போடுவது என்பதற்கே 2016-ல் 'பிட்ஸ்' (BIDS) என்ற விதிமுறை வந்தது.

நம் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற அட்லஸை வெளியிட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளை, 5,132 சீவல்கள், பார்க்கக் கட்டணமில்லை. மூளையை உறைய வைத்து, தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, ஸ்கேன் செய்கிறார்கள். இப்படிச் சீவும்போது கிழியும், மடியும். அதையெல்லாம் கணினியில் நேராக்கி அடுக்குவதற்கு எம்பிபிஎஸ் வேண்டியதில்லை, நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். உங்கள் மகளுக்கு இடம் அங்கேதான்.

கணிதமும் உயிரியலும் படித்திருக்கிறாள் என்றீர்கள். சரி, பொறியியல் கலந்தாய்வில் பயோமெடிக்கல் அல்லது கம்ப்யூட்டர் எடுக்கட்டும். அரசுப் பள்ளி மாணவி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கூடவே பைத்தான் என்ற நிரல் மொழியும் புள்ளியியலும் பழகட்டும். 'நியூரோ' என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் சான்றிதழ் படிப்புக்குத் தோப்பை அடகு வைத்துவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நாலு வருஷம் முடித்ததும் ஆய்வகத்தில் நிரந்தர வேலை கிடைக்காது. முதலில் ப்ராஜெக்ட் வேலைதான். மேலே போக முனைவர் பட்டம் வேண்டும். இடையில் மனம் மாறினாலும் படித்தது வீண்போகாது, மருத்துவ ஸ்கேன் மென்பொருள் பக்கம் போய்விடலாம்.

ஓசூர் தாண்டினால் பெங்களூரு. அங்கே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு மகளைக் கூட்டிப் போய் வாருங்கள். திரும்பி வந்தும் அதே பிடிவாதமாக இருந்தால் ஒரு போன் போடுங்கள், கலந்தாய்வில் கல்லூரி, பாடப்பிரிவு விருப்பப் பட்டியல் போடும் சாய்ஸ் ஃபில்லிங்கை உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.