டெக்சாஸில் ‘ஏ’ கிரேடு வாங்கிய பள்ளி இருக்கும் ஏரியாவில்தான் வீடு எடுக்க வேண்டுமா?

டெக்சாஸில் மாநில அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை ஒரு கிரேடு தருகிறது. வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் (ஸோன்) இருக்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பள்ளிதான் பிள்ளைக்கு. ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் வீடு பிடித்தாக வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு "ஏ ஸ்கூல் ஸோனுக்குள்ளயே பாருங்க" என்கிறார்கள். உங்கள் நிலைமை அதுதான் என்று நினைக்கிறேன். 2022 ஜூலையில் டாலஸுக்கு வந்தபோது எங்கள் நிலைமையும் அதுதான்.

கையைக் கடிக்கும் வாடகைக்கு ஏ பள்ளி எல்லைக்குள் அபார்ட்மென்ட் எடுத்தோம். மகள் மூன்றாம் வகுப்பு. தமிழ் சரளமாக வாசிப்பாள், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தடித்தடிப் புத்தகமாக முடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அன்பானவர்தான். ஆனால் எப்போது கேட்டாலும் "போகப் போக வந்துவிடும்" என்பதுதான் பதில். வரவில்லை. மாநிலம் முழுக்க நடக்கும் ஸ்டார் தேர்வில் ரீடிங்கில் தேறவில்லை. "எனக்கு மட்டும் ஏம்மா வரல?" என்று அவள் கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

2023இல் வாடகையை ஏற்றினார்கள். வேறு வழியில்லாமல் பி பள்ளி இருக்கும் பக்கம் போனோம். "பி ஸ்கூலா?" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்தப் பள்ளியில் நிறையப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள். ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று அங்கே தெரிந்திருந்தது. முதல் வாரமே பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அப்புறம் தினமும் அரைமணி நேரம், நாலைந்து பிள்ளைகளாக. 2024 ஸ்டார் தேர்வில் ‘மீட்ஸ்’ வாங்கினாள், அதாவது அவள் வகுப்புக்கு வேண்டிய அளவை எட்டிவிட்டாள். பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு அழுதேன்.

சரி, ஏ, பி என்கிற அந்த எழுத்து எதைச் சொல்கிறது? தேர்வு மதிப்பெண், பிள்ளைகளின் வளர்ச்சி, பின்தங்கிய பிரிவினரை எவ்வளவு மேலே கொண்டுவந்தார்கள் என மூன்றைப் பார்க்கிறார்கள். முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், மூன்றாவதற்கு 30. அதனால் வளர்ச்சியில் சுமாராக இருந்தும், மதிப்பெண் பலத்தில் ஏ வாங்கிவிட முடியும். கிரேடு போடுகிற மாநிலக் கல்வித் துறையான டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சி மூன்றையும் தனித்தனியாக வெளியிடுகிறது. வளர்ச்சிக்கு என்ன கிரேடு என்று முதலில் பாருங்கள். எந்த ஆண்டின் கிரேடு என்பதையும் பாருங்கள். 2020, 2021இல் கிரேடே கிடையாது. 2023க்கானது நீதிமன்ற வழக்கில் சிக்கி 2025 ஏப்ரலில்தான் வந்தது. நாங்கள் வீடு மாறியபோது கையில் இருந்தது 2022 கிரேடு மட்டுமே.

ஏ பள்ளிகள் மோசம் என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அது அருமையான இடமாக இருக்கலாம். கிரேடே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பள்ளியைப் பற்றி என்ன தெரியும்?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீடு பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்குள் இருந்தால் பெரும்பாலும் பஸ் கிடையாது. மாநில அரசு பொதுவாக அந்தத் தூரத்துக்கு மேல்தான் பஸ்ஸுக்குப் பணம் தருகிறது. எங்கள் வீடு ஒன்றரை மைல். அப்போது எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகஸ்ட் வெயிலில், நடைபாதை பாதியில் நின்றுபோகிற சாலையில், ஒரு வருடம் அவளை நடத்தியே கூட்டிப்போனேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு அந்த முகவரிக்குப் பஸ் வருமா என்று கேட்டுவிடுங்கள்.