குதிரைக்கு ஏன் நுகத்தடி போடுவதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் பீர் பீப்பாய் ஏற்றிய வண்டியை ஷயர் குதிரைகள் இழுக்கும் வீடியோ பார்த்தேன். கழுத்தில் டயர்போலத் தடித்த வளையம். மாட்டுக்கு ஒரு நுகத்தடி போதுமென்றால் குதிரைக்கு ஏன் இவ்வளவு? ஜட்கா குதிரைக்கும் அது கிடையாதே?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மாடு முன்னால் உந்தும்போது நுகத்தடி பின்னால் நழுவாமல் திமில் தடுக்கிறது. குதிரைக்குத் திமில் இல்லை. தடி சறுக்கும், அதைப் பிடித்திருக்கும் கழுத்துக் கயிறு தொண்டையை நெரிக்கும். அதனால் பாரத்தைத் தோளில்தான் வாங்க வேண்டும். நீங்கள் பார்த்த வளையம், அதாவது காலர், வைக்கோல் திணித்த தோல் மெத்தை. அதன் பள்ளத்தில் இரண்டு வளைந்த சட்டங்கள் பொருந்தும். வண்டியை இழுக்கும் வாரோ சங்கிலியோ அந்தச் சட்டத்துக் கொக்கியில்தான் மாட்டும். கொக்கி ரொம்ப மேலே இருந்தால் காலர் எழும்பி மூச்சை அடைக்கும். ரொம்பக் கீழே இருந்தால் தோள்மூட்டில் இடிக்கும்.

காலரை மாட்டியபின் அதன் அடிப்பக்கத்துக்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மேடு ஏறும்போது குதிரை இரைத்து நின்றுவிடும். அதைச் சண்டித்தனம் என்று சாட்டையைத் தூக்குவார்கள், பாவம். காலர் பெரிதானால் அடிக்கு அடி ஆடித் தோளைப் புண்ணாக்கும். சீசன் தொடக்கத்தில் கச்சிதமாக இருந்ததுகூட, வேலையில் குதிரை இளைத்ததும் தொளதொளத்துவிடும். உள்ளே ஒரு மெத்தை கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். சாயங்காலம் கழற்றியதும் தோளைப் பாருங்கள். காலர் பட்ட இடமெல்லாம் ஒரே சீராக வியர்த்திருந்தால் நல்லது. ஈரத்தின் நடுவே காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் அதிகம். அப்படியே விட்டால் புண்ணாகி, ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும்.

ஜட்காவில் நாலு பேர், சமதளச் சாலை. மார்புப் பட்டையே போதும். அதுவும் மூச்சுக்குழாய்க்குக் கீழே, தோள்மூட்டுக்கு மேலே நிற்க வேண்டும். அங்கே தொல்லை வேறு. இரண்டே சக்கரம் என்பதால் பின்பாரம் கூடினால் ஏர்க்கால், அதாவது குதிரையின் இருபுறமும் நீளும் வண்டித் தண்டு, எழும்பி வயிற்று வார் குதிரையை மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் முதுகு நசுங்கும். ஆட்கள் ஏறியபின் ஏர்க்கால் சேணத்தில் லேசாக உட்கார்ந்தால் போதும். வண்டிக்காரர் “இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க” என்று அதட்டுவது இதற்குத்தான். நாலு சக்கர பீர் வண்டியில் யார் எங்கே உட்கார்ந்தாலும் குதிரை முதுகுக்குத் தெரியாது.